தொட்டவர் சேர்க்க வேண்டும்

சலவைப் பகுதியின் கதவுக்கு மேலே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. நீராவி பட்டுப் பட்டு அதன் ஓரங்கள் சுருண்டிருந்தாலும் எழுத்து அழியவில்லை. 'தள்ளுவண்டியைத் தொட்டவரே அதை உரிய இடத்தில் கொண்டு சேர்க்க வேண்டும். பாதியில் விடக் கூடாது.' கீழே நிர்வாக அதிகாரியின் கையெழுத்து.

அந்த மருத்துவமனையில் இப்படி ஒரு விதி வந்ததற்குக் காரணம் இருந்தது. துவைத்து மடித்த விரிப்புகளை வார்டுகளுக்குக் கொண்டுபோகும் வண்டிகள் பாதி வழியில் அநாதையாக நிற்கும். லிப்ட் வரை தள்ளியவர், மேலே இருக்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவார். மேலே இருக்கிறவர்கள், கீழே இருந்து வரும் என்று காத்திருப்பார்கள். அறுவை சிகிச்சைக் கூடத்துக்குப் போக வேண்டிய பச்சைத் துணிகள் ஒருமுறை குழந்தைகள் வார்டின் வாசலில் பாதி நாள் கிடந்தன. பெரிய டாக்டர் கத்தினார். அதிகாரியே மாடியிலிருந்து இறங்கி வந்து இந்த விதியைப் போட்டார்.

அதன் பிறகு தொட்ட வண்டிகள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் யாரும் வண்டியைத் தொடுவதில்லை. எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டார்கள். வழியில் வண்டி நின்றால் இடுப்பால் ஒதுக்குவார்கள், முழங்காலால் நகர்த்துவார்கள், கை மட்டும் படாது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த அதிகாரிகள் வழி தவறிச் சலவைப் பகுதிக்குள் புகுந்துவிட்டது போல் இருக்கும்.

அவள் ஒருத்திதான் தொட்டுவிடுவாள். அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு தலையணை உறை சரிந்து விழப்போவதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா போக முடியாது. கை தன்னால் நீளும். நீண்டதும் பின்னாலிருந்து, துணி தேய்க்கும் இஸ்திரியக்காவின் குரல் வரும்.

"தொட்டுட்டா. எல்லாரும் பார்த்துக்கங்க, தொட்டுட்டா."

"விழப் போச்சுக்கா."

"விழட்டுமே. விழுந்தா தரை தாங்கிக்கும், நீ ஏன் தாங்குற? மேல் மாடி, கடைசி வார்டு. கிளம்பு."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'தான் அவள் பெயராகவே ஆகிப்போனது. சலவைப் பகுதியில் அவளை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "சரிங்க வந்தாச்சா?" என்பார்கள். "சரிங்ககிட்ட கொடு, செஞ்சிடுவா." முதலில் கேலியாக இருந்தது. பிறகு கேலியும் தேய்ந்து வெறும் கூப்பிடு பெயராகிவிட்டது.

இதிலிருந்து தப்பிக்க அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. மருத்துவமனையின் முன்கூடத்தில் இருக்கும் விசாரணை மேஜை. அங்கே மாலை ஷிப்டுக்கு ஓர் ஆள் எடுக்கப் போவதாகவும், உள்ளே வேலை செய்கிறவர்களே தேர்வுக்கு வரலாம் என்றும், இங்கிலீஷ் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்றும் நிர்வாகம் சொல்லியிருந்தது. அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது, சக்கரம் இல்லாத நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் யாரையும் எதையும் தள்ளிக்கொண்டு போக வேண்டியதில்லை. கேட்கிறவர்களுக்கு வழி சொன்னால் போதும், அவர்களே நடந்து போய்விடுவார்கள். துணி வண்டியோடு முன்கூடத்தைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அவள் அந்த நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டு போவாள்.

அதற்காகத்தான் மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். மேஜை கிடைத்தால் மாலையில் வேலை வரும், வகுப்பை விட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். அதைப் பற்றி யோசித்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தாள்.

வகுப்பு நடந்தது ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி அறையில். சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள். கரும்பலகைக்கு நேர் மேலே 'நில்' என்ற சிவப்புப் பலகை. பாடம் நடத்தியவர் பகலில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போடுகிறவர். அவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நாள் முழுக்க முகவரி கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியிருக்கும், அதனால் உட்கார்ந்தபடியேதான் பேசுவார். வாத்தியார் என்று கூப்பிட்டால் கூச்சப்படுவார். ஆனால் வேறு எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால் எல்லோரும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

அன்றைக்கு அவர் பலகையில் சில சொற்களை எழுதிவிட்டுச் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"இதெல்லாம் நாம திட்டம் போடாம ஒரு விஷயத்துல போய் மாட்டிக்கிறதுக்கு உள்ள வார்த்தைங்க. நமக்கு எல்லாத்துக்கும் 'மாட்டிக்கிட்டேன்' ஒண்ணே போதும். இங்கிலீஷ்ல ஒவ்வொரு விதமா மாட்டுறதுக்கும் தனித்தனியா வச்சிருக்காங்க. ஸ்டம்பிள் இன்டு, கால் தடுக்கி உள்ள விழுந்த மாதிரி. யாரும் தள்ளலை. ரோப்ட் இன்டு, யாரோ நைசாப் பேசிக் கயிறு மாட்டி உள்ள கொண்டுபோயிட்டாங்க. டிராக்ட் இன்டு, வரமாட்டேன்னு சொல்லச் சொல்லத் தரதரன்னு இழுத்துட்டாங்க. காட் அப் இன், யார் இழுத்தாங்கன்னே தெரியாது, பார்த்தா நடுவுல சிக்கி நிக்கிறோம். எண்ட் அப்..." அவர் கொஞ்சம் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். "எப்படி வந்தேன்னு கேட்காதீங்க. கடைசியில இங்கதான் நிக்கிறேன். அதுதான் எண்ட் அப்."

பஸ் ஓட்டுகிற ஒருவர் கடைசி வரிசையிலிருந்து கேட்டார். "கல்யாணத்துக்கு இதுல எதைப் போடறது வாத்தியாரே?"

"அதை உங்க வீட்டம்மாவைக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. நான் அதுல மாட்ட விரும்பலை."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு, சிரிப்பு முடிவதற்குள் கொட்டாவி விட்டார். "ஒரு நண்பன் ஊருக்குப் போறான், ஒரு மாசம் பார்த்துக்கோன்னு சொன்னதாலதான் இந்த கிளாஸுக்கே வந்தேன். அவன் இன்னும் திரும்பி வரலை. சரி, அடுத்த கிளாஸ்ல ஒவ்வொருத்தரும் சொந்தமா ஒரு சம்பவம் சொல்லணும். இங்கிலீஷ்ல. இதுல ஏதாவது ஒரு வார்த்தை வரணும்."

அவள் ஐந்தையும் வரிசையாக எழுதிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் இழுத்தது, தன் விருப்பம் உண்டா இல்லையா, வெளியே வர வழி இருந்ததா என்று கட்டம் போட்டுப் பிரித்தாள். அவளுக்கு எதையும் இப்படிப் பிரித்து வைத்தால்தான் புரியும். பிரித்து முடித்த பிறகு, சரியாகத்தான் பிரித்தோமா என்ற சந்தேகம் வரும். அன்றும் வந்தது.

வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் ஒரு மர பீரோ நின்றது. பிளாஸ்டிக் விரிப்புப் போர்த்தி, கயிறு கட்டி. மேலே குடியிருக்கிறவர்கள் அதைத் தாண்டும்போது வயிற்றை எக்கிக்கொண்டு போவார்கள். அவளுடைய அண்ணன் அதை யாரையும் கேட்காமல் வாங்கி வந்தான். வாசலில் நுழையாது என்று அண்ணி சொன்னாள். நுழையும் என்று அண்ணன் சொன்னான். நுழையவில்லை. அன்றிலிருந்து இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. பேச வேண்டியதை எல்லாம் அவள் வழியாகப் பேசினார்கள்.

அண்ணன் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் படம் எடுக்கிற வேலையில் இருந்தான். அண்ணி ஒரு தையல் கூடத்தில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தாள். இருவரும் மாலையில் களைத்து வந்து, கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு சுவரை வைத்துக்கொண்டு உட்காருவார்கள். அந்தச் சுவரில் கதவுகூடக் கிடையாது, வெறும் திறப்புதான். ஒருவர் பெருமூச்சு விட்டால் மற்றவருக்குக் கேட்கும்.

"கேஸ் தீரப் போகுதுன்னு உங்க அண்ணிகிட்ட சொல்லு," என்பான் அண்ணன்.

அவள் திறப்புவரை போய், "அண்ணி, கேஸ் தீரப் போகுதாம்," என்பாள்.

"அது எனக்கும் தெரியும்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அடுப்புக்கு முன்னாடி நிக்கிறது நான்தான்னும் சொல்லு."

"அண்ணா, அண்ணிக்குத் தெரியுமாம்."

"ரெண்டாவது சொன்னதை ஏன் விட்டுட்டே?" என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவள் தட்டைப் பார்த்தபடி யோசித்தாள். இந்த வீட்டு விவகாரத்தில் தான் எந்த விதமாக மாட்டினோம்? இழுத்தார்களா? இல்லை. நைசாகப் பேசிக் கயிறு போட்டார்களா? அதுவும் இல்லை. பீரோ வந்த மறுநாள், வீட்டில் யாரும் வாய் திறக்காமல் இருந்தபோது, அவள்தான் அண்ணனிடம் போய், "அண்ணி உன்மேல கோபமா இருக்காங்க போல," என்று சொன்னாள். அவ்வளவுதான். விழப்போகிற தலையணை உறையைத் தாங்கியதுபோலக் கையை நீட்டியது அவள்தான். தொட்டுவிட்டாள். இப்போது இது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய வண்டி என்றே தெரியாமல் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மேஜை கிடைத்தால் மாலையில் வீட்டில் இருக்க வேண்டியதில்லை. அந்த நாற்காலி சலவைப் பகுதியிலிருந்து மட்டும் அல்ல, இந்தத் திறப்பிலிருந்தும் அவளை விடுவிக்கும். இதை நினைத்துக்கொண்டுதான் அவள் தினமும் தூங்கப் போவாள்.

தேர்வு நிர்வாக அதிகாரியின் அறையில் நடந்தது. ஆட்கள் அதிகம், அவருக்கோ தலைக்கு மேல் வேலை. அதனால் இருவர் இருவராக உள்ளே கூப்பிட்டார். அவளோடு வந்தவர் மருந்து ஸ்டோரில் பெட்டி அடுக்குகிறவர். ஸ்டோர் சார் என்று எல்லோரும் சொல்வார்கள். அமைதியான மனிதர், வாய் திறந்து பேசினாலே பக்கத்தில் நிற்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும். வீட்டில் மனைவி சொன்னதற்காகத் தேர்வுக்கு வந்திருப்பதாக வரிசையில் நிற்கும்போதே அவளிடம் சொன்னார்.

"உனக்குப் பயமா இல்லையாம்மா?"

"இருக்கு சார்."

"எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. என் பேரை இங்கிலீஷ்ல கேட்டாக்கூட யோசிப்பேன் போல."

அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார். "நீங்க மேஜையில இருக்கிறவர். நீ வழி கேட்டு வர்றவ. இங்கிலீஷ்லயே பேசுங்க. அப்புறம் மாத்திக்கங்க."

அவள் பல நாளாகத் தயார் செய்திருந்த கடினமான கேள்வி ஒன்று நாக்கு நுனியில் இருந்தது. அதைக் கேட்டால் தன் இங்கிலீஷ் பளிச்சென்று தெரியும். வாயைத் திறக்கும்போது ஸ்டோர் சாரின் முகத்தைப் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை. உள்ளங்கையை பேன்ட்டில் தேய்த்துக்கொண்டே இருந்தார். சரிந்து விழப்போகும் அடுக்கு.

அவள் தன் கேள்வியை விழுங்கிவிட்டு, எக்ஸ்ரே அறை இந்தத் தளத்தில்தானே இருக்கிறது என்று கேட்டாள். அவர் ஆமாம், மேடம் என்றார். இடது பக்கம் திரும்ப வேண்டுமா என்று கேட்டாள். இடது பக்கம்தான், மேடம் என்றார். பதில் பூராவும் கேள்விக்குள்ளேயே இருக்கும்படி அவள் கேட்கக் கேட்க அவருக்குத் தெம்பு வந்தது. கடைசியில் அவராகவே, இங்கிலீஷில், உங்களுக்கு நல்லபடியாகக் குணமாகட்டும் என்று வாழ்த்துக்கூடச் சொன்னார்.

அப்போது அதிகாரியின் போன் அடித்தது. அவர் ஒரு கையால் போனை எடுத்து, மறு கையால் போதும் என்று சைகை காட்டினார். இன்னும் இடம் மாறவில்லை, நான் இன்னும் பதில் சொல்லவே இல்லை என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் இங்கிலீஷிலும் தமிழிலும் அவளுக்குத் தெரியும். அவள் சொன்னது, "சரிங்க."

மேஜை ஸ்டோர் சாருக்குப் போனது.

"மேஜை வேலைன்னா பதில் சொல்றதுதான்," என்று அதிகாரி அவளைக் கூப்பிட்டு விளக்கினார். "கேள்வியை யாரு வேணாலும் கேட்பாங்க. ஆனா நீ நல்லாப் பொறுமையாக் கேட்டே. ஒண்ணு செய். அவருக்குப் பழகுற வரைக்கும் உன் வேலை முடிஞ்சதும் அவர் பக்கத்துல போய் நில்லு."

"சரிங்க."

சலவைப் பகுதிக்குத் திரும்பியதும் இஸ்திரியக்கா சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பக்கத்துல நிக்கச் சொன்னாரா?"

"ஆமாக்கா."

"உட்காரச் சொல்லலை?"

"இல்லக்கா."

"பரீட்சை எழுதினது நீ, பாஸானது அவரு, ஹோம்வொர்க் மறுபடியும் உனக்கு. நல்ல பள்ளிக்கூடம்டி இது."

அதன் பிறகு வந்த நாட்கள் ஒரே மாதிரியானவை. வேலை முடிந்ததும் அவள் முகம் கழுவிக்கொண்டு முன்கூடத்துக்குப் போவாள். ஸ்டோர் சார் நாற்காலியின் நுனியில், யாரோ எழுப்பிவிடப் போகிறார்கள் என்பது போல் உட்கார்ந்திருப்பார். தமிழில் கேட்டால் தலையசைத்துச் சைகையிலேயே வழி காட்டிவிடுவார். இங்கிலீஷ் காதில் விழுந்ததும் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்ப்பார். அவள் பின்னாலிருந்து மெல்லச் சொல்ல, அவர் அதையே உரக்கச் சொல்வார். கால் கடுக்கும். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நிற்பாள். வகுப்பு நேரம் அவள் கண் முன்னாலேயே, கூடத்துச் சுவர்க் கடிகாரத்தில், வந்து போகும். சொந்தச் சம்பவம் சொல்ல வேண்டிய வகுப்புக்கு அவளால் போக முடியவில்லை. அதற்கு அடுத்ததற்கும் போகவில்லை.

வீட்டுக்குப் போனால் திறப்பு காத்துக்கொண்டிருக்கும்.

"ஏன் இவ்வளவு லேட்டுன்னு உங்க அண்ணன் கேட்கமாட்டாரா?" என்பாள் அண்ணி, அவளைப் பார்த்து, ஆனால் குரலைக் கூடத்தின் பக்கம் வீசி.

"நான் கேட்கலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள கேட்டுட்டாங்கன்னு சொல்லு," என்பான் அண்ணன்.

அவள் நடுவில் நிற்பாள். அங்கேயும் உட்கார்ந்ததாக நினைவில்லை.

அந்த நாள் சலவைப் பகுதியில் ஓர் இயந்திரம் மக்கர் செய்து வேலை நீண்டுவிட்டது. கடைசி வண்டியைச் சலவைப் பகுதிக்கு வெளியே யாரோ முழங்காலால் தள்ளிவிட்டுப் போயிருந்தார்கள். மேல் மாடி வார்டுக்கு உரியது. அவள் அதைப் பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், தொட்டாள். லிப்டுக்குப் போக முன்கூடத்தைக் கடக்க வேண்டும்.

கூடத்தில் மேஜைக்கு முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. முன்னால் நின்றவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். வேற்று தேசத்தவள் என்பது பார்த்ததும் தெரிந்தது. அவள் கையில் ஓர் ஆணின் ஷூக்கள். மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். வேகமான இங்கிலீஷில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆம்புலன்ஸில் கணவனை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள், ஷூவைக்கூடப் போட விடவில்லை, அவரை எங்கே வைத்திருக்கிறார்கள்?

ஸ்டோர் சார் எழுந்து நின்றிருந்தார். கையை பேன்ட்டில் தேய்த்தார். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கூடம் முழுக்கத் தேடிய அவர் கண்கள் வண்டியோடு வந்துகொண்டிருந்த அவள்மேல் வந்து நின்றன.

எல்லோரும் அவர் பார்த்த திசையில் பார்த்தார்கள்.

இப்போதும் அப்படியே லிப்டுக்குள் போய்விடலாம். கையில் வண்டி இருக்கிறது, விதி இருக்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. அவளுக்கு அப்படிப் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. அவ்வளவு அசதி. ஆனால் அந்தப் பெண் ஷூக்களை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். ஒன்று நழுவியது.

அவள் வண்டியை மேஜை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய், ஒரு கை வண்டியிலும் மறு கை மேஜையிலுமாக நின்று, இங்கிலீஷில் கேட்டாள். "அவர் பெயர் என்ன, மேடம்? எப்போது கொண்டுவந்தார்கள்?"

யோசித்துப் பேசவில்லை. பேசிய பிறகுதான் பேசியது தெரிந்தது. பெயரை வாங்கி, மேஜை போனில் அவசரப் பிரிவைக் கூப்பிட்டு, பதில் வரும் வரைக்கும் அந்தப் பெண்ணை அருகிலிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு எட்டி எழுத வேண்டியிருந்தது. வண்டியைப் பிடித்திருந்த கை இடைஞ்சலாக இருந்தது. விடவும் முடியாது.

"இதை நான் கொண்டுபோறேன்மா," என்றார் ஸ்டோர் சார்.

"சார், வேணாம். தொட்டா நீங்கதான் கொண்டுபோய்ச் சேர்க்கணும்."

"தெரியும்." அவர் வண்டியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தார். இவ்வளவு நாளில் அவர் முகம் இப்படித் தெளிந்து அவள் பார்த்ததில்லை. "மேல் மாடிதானே? பெட்டி தூக்கினவன்தான் நான். இது எனக்கு நல்லாவே வரும்."

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். லிப்ட் கதவு மூடும்போது ஒரு தலையணை உறை சரிவதையும் அவர் அதைத் தட்டி அடுக்குவதையும் அவள் பார்த்தாள்.

அவசரப் பிரிவு பதில் சொன்னது. காலில்தான் அடி, நினைவோடு இருக்கிறார், ஷூ எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அவள் அதை அப்படியே சொன்னதும் அந்தப் பெண் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். கூடத்தைத் தாண்டி நேராகப் போய் வலது பக்கம் திரும்பும்படி இவள் வழி சொன்னாள். அந்தப் பெண் போனாள். அடுத்தவர் கேட்டார். அதற்கு அடுத்தவர் கேட்டார். நாற்காலி கால் முட்டியில் இடித்தது. அவள் உட்கார்ந்தாள்.

நிர்வாக அதிகாரி வந்தபோது வரிசை பாதியாகியிருந்தது.

"நீ என்ன இங்க உட்கார்ந்திருக்கே? அவர் எங்கே?"

"டிராலியோட போயிருக்காருங்க. மேல் மாடிக்கு."

"டிராலியோடவா? அவர் ஏன் போறாரு?"

"தொட்டுட்டாருங்க."

அது அதிகாரியே போட்ட விதி. "சரி, போனாரு. நீ ஏன் உட்கார்ந்தே?"

அவளுடைய நாக்கில் 'சரிங்க' வந்து நின்றது. எழுந்தால் போதும், அதுவே வெளியே வந்துவிடும். முழங்கால்கள் எழுந்துகொள்ளத் தயாராகக்கூட ஆயின. அவள் மேஜையின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தாள்.

"இதை நான் தொட்டுட்டேன் சார். பாதியில விடக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க."

"அது துணி வண்டிக்குப் போட்டது."

"துணியையே விடக் கூடாதுன்னா சார், இவங்களை எப்படி விடறது?"

அவள் குரலை உயர்த்தவில்லை. களைப்பில் அது உயரவும் உயராது. வரிசையில் நின்ற ஒருவர், "சார், நீங்க கொஞ்சம் தள்ளிக்கிட்டா நாங்க கேட்டுட்டுப் போயிடுவோம்," என்றார். அதிகாரி தள்ளி நின்றார். நின்றபடி அவள் பேசுவதைக் கேட்டார். தேர்வு அறையில் கேட்க மறந்ததை எல்லாம் அப்போதுதான் கேட்டார் என்று சொல்ல வேண்டும்.

ஸ்டோர் சார் வெறுங்கையோடு லிப்டிலிருந்து இறங்கி வந்தார். அதிகாரியைப் பார்த்ததும் நின்றார். பிறகு அவர் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார்.

"சார், என்னை ஸ்டோருக்கே அனுப்பிடுங்க. அன்னிக்கு நான் பாஸாகலை சார். அந்தப் பொண்ணுதான் பதிலையும் சேர்த்துக் கேட்டுச்சு. வீட்டுல நான் பேசிக்கிறேன்."

அதிகாரி நெற்றியைத் தேய்த்தார். "நான் காபி குடிக்கத்தான் கீழே வந்தேன்," என்றார் யாரிடமோ. பிறகு அவளிடம், "நாளையிலேருந்து சலவைக்குப் போக வேணாம். நேரா இங்க வந்துடு."

"சரிங்க," என்றாள் அவள். இந்த ஒன்றைச் சொன்னதில் அவளுக்கு வருத்தம் இல்லை.

மறுநாள் மதியம் அவள் மேஜைக்கு வரும் வழியில் சலவைப் பகுதியை எட்டிப் பார்த்தாள். இஸ்திரியக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

"போயிட்டியா? இப்ப இதை யாருடி தொடுவாங்க?"

"தெரியலக்கா."

"ஒரு உதவி கேட்டா தெரியலங்குறா. பெரிய மேஜைக்காரி." அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பிய முகத்திலேயே சிரித்தாள். பிறகு கையை முன்னால் எடுத்து வண்டியைத் தொட்டாள்.

மேஜை அவள் நினைத்த அளவுக்குச் சுகமானதாக இல்லை. நாற்காலியின் முதுகு ஆடியது. கேட்கிறவர்கள் ஒரே கேள்வியை வேறு வேறு முகங்களோடு கேட்டார்கள். வழி சொன்னால் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தாள், பலர் போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். சிலர் வழி கேட்டுவிட்டு, யாருக்கு என்ன நோய், எத்தனை நாளாக என்று முழுக் கதையையும் சொல்லிவிட்டே நகர்ந்தார்கள். சாயங்காலம் ஆகும்போது தாடை வலித்தது. இருந்தாலும் கால் வலிக்கவில்லை. அதைக் கவனித்துக்கொண்டாள்.

சுவர்க் கடிகாரத்தில் வகுப்பு நேரம் வந்தது. இந்நேரம் வாத்தியார் 'நில்' பலகையின் கீழே உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். சொல்வதற்குச் சொந்தச் சம்பவம் இப்போது அவளிடம் இருந்தது. போக வகுப்புதான் இல்லை. தடுக்கி விழுந்தாளா, கயிறு போட்டார்களா, இழுத்தார்களா, சிக்கினாளா? மனதுக்குள் கட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தாள். நான்கும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது. எதை எழுதினாலும் வாத்தியார் திருத்துவார் என்று தோன்றியது. ஐந்தாவதைப் போட்டு வைத்தாள். எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள், கடைசியில் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

மேஜை போன் அடித்தது.

"விசாரணை. சொல்லுங்க."

"நான்தான்," என்றது அண்ணனின் குரல். "உன் போனை எடுக்கவே மாட்டேங்கிறே. ஆஸ்பத்திரி நம்பரைத் தேடிப் பிடிச்சுப் பேசுறேன். இங்க பாரு, அந்த பீரோ கதவைக் கழட்டிட்டா உள்ள நுழையும்னு மேல்வீட்டுக்காரர் சொல்றாரு. ஆனா ஒரு ஆளு மறுபக்கம் பிடிக்கணும். உங்க அண்ணிகிட்ட கொஞ்சம் சொல்லு."

"அண்ணி எங்க இருக்காங்க?"

"வீட்டுலதான். அடுப்படியில."

"நீ எங்க இருக்கே?"

"கூடத்துல."

அவள் முன்னால் ஒரு முதியவர் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒரு நிமிடம் என்று அவரிடம் விரலைக் காட்டிவிட்டு, போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே நிதானமான குரலில் சொன்னாள்.

"கூடத்தைத் தாண்டி நேராப் போங்க. வலது பக்கம் ஒரு திறப்பு வரும், கதவு இருக்காது. அங்க நின்னு கேளுங்க. அவங்களே பதில் சொல்லுவாங்க."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அவள் போனை வைத்துவிட்டு, முதியவரின் சீட்டை வாங்கிப் பார்த்தாள்.